ஆவணியில் வந்த சர்வர்

ஜூலை 24, திங்கள்

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. ஆடியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள், மாப்பிள்ளை கேட்க மாட்டார்கள். அதனால் ஈரோட்டில் எங்கள் அட்சதை திருமணத் தகவல் மையத்தில் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். முதலாளி ராஜாமணியம்மாவுக்கு வேலை இல்லாவிட்டால் யோசனை வந்துவிடும். போன ஆடியில் வந்த யோசனையால்தான் வரவேற்பறைக்கு மீன் தொட்டி வந்தது. அந்த மீன்கள் ஆவணியைப் பார்க்கவில்லை.

இந்த ஆடிக்குச் சர்வர்.

"ஏங்கண்ணு வாணி, அந்த பஸ் ஸ்டாண்டு பக்கத்து மையத்துக்காரன் சர்வர் வெச்சுப்போட்டானாமா. நமக்கு வேணுமா வேண்டாமா? இங்க கம்ப்யூட்டர் படிச்சவ நீ ஒருத்திதான். ஆவணி பொறந்ததும் எழுதிக் குடு. நீ என்ன எழுதறயோ அதுதான் முடிவு" என்றார்.

எங்களிடம் இருப்பது நான்கு கணினிகள், நான்கு பேர். பெண் வீட்டாரைத் தமயந்தியக்கா பார்க்கிறார், மாப்பிள்ளை வீட்டாரைக் குப்புராஜ் அண்ணன் பார்க்கிறார், பொருத்தம் பார்ப்பது ஜோதிடர் சிவமலை. நான் மீதி எல்லாம். ஆனால் பதிவை யார் வேண்டுமானாலும் வாங்குவோம், யாரிடம் வந்து பதிகிறார்களோ அவர் கணினியில் ஜாதகம் இருக்கும். மற்றவருக்கு வேண்டுமென்றால் பென் டிரைவில் போகும். சர்வர் வந்தால் எல்லா ஜாதகமும் ஒரே இடத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

என் கருத்து: தேவையில்லை. முழுக்கத் தொழில்நுட்பக் காரணங்கள்.

ஜூலை 25, செவ்வாய்

நான்கு பேருக்கு நடுவில் ஒரே பென் டிரைவ். அதற்கு ஜோதிடர் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார், தொலையாமல் இருக்கவும் தோஷம் ஒட்டாமல் இருக்கவும். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பத்தடி. நடப்பது உடம்புக்கு நல்லது. இதற்குப் போய் இரவும் பகலும் ஓடும் ஒரு இயந்திரமா?

என் கணினியில் 'பழைய பிரிண்டர்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு ஜாதகம். பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே வைத்தது. சர்வர் வேண்டாம் என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 28, வெள்ளி

கணினிக் கடை டைட்டஸ் வந்தார். "ஒரே நேரத்துல எத்தனை பேர் யூஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டார். "ரெண்டாயிரம் குடும்பம்" என்றார் ராஜாமணியம்மா. மனிதர் முகம் மலர்ந்து, ஒரு பேங்குக்குப் போடும் சர்வரின் படத்தை எடுத்து விரித்தார். நான்கு பேர்தான் என்று நான் சொன்னதும் முகம் பழையபடி ஆனது.

அவரை விரட்டிவிடலாம் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். கரண்ட் போனால்? டிஸ்க் கெட்டால்? ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனால் யார் வருவார்? எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். எரிச்சலாக இருந்தது.

கடைசி அஸ்திரமாக, "இன்டர்நெட்டுலயே வெச்சுக்கலாமுங்கம்மா, நமக்கு மெஷினே வேண்டாம்" என்றேன். இதைச் சொன்னால் குழம்பிப்போய் மொத்தத்தையும் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"ஊரான் ஊட்டுப் புள்ளைகளோட சாதகத்தக் கொண்டுபோயி ஆகாசத்துல வெக்கறதா? நம்ம கூரைக்குக் கீழ இருக்கோணும். நான் தொட்டுப் பாக்கோணும்."

ஆக, சர்வர் பக்கம் இன்னும் ஒரு அடி நகர்ந்துவிட்டோம். என்னால்தான்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

முதல் தேதி. பத்தரைக்கு ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன், முதல் தேதியில் பத்தரை மணிக்கு எப்போதும் நான்தான் எடுப்பேன்.

"மேடம், பதிவு எண் ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு. ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"பாத்துக்கிட்டே இருக்கோமுங்க சார். வந்தா உடனே சொல்றோமுங்க."

"சரிங்க மேடம். நன்றிங்க."

பேசியது என் அப்பா. 1147 நான்.

அப்பா தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். எதுவும் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த மாதமே என் ஜாதகத்தைக் கொண்டுவந்து இங்கேயே, என் மேசையிலேயே பதிந்தார். ஆறு வருடமாக மாதாமாதம் ஆபீசைத்தான் கேட்பார், வீட்டில் கேட்க மாட்டார். "ஊட்டுல பேசறது வேற, ஆபீசுல பேசறது வேற" என்பார். மாலை வீட்டுக்குப் போனால், "ஆபீசுல விசாரிச்சனம்மா, இன்னும் அமையலையாமா" என்று எனக்கே சொல்வார். நானும் "அப்படீங்களாப்பா" என்பேன்.

அம்மா பெங்களூரில் அண்ணன் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். சாயங்காலம் இரண்டு பேருக்கும் சந்தகை பிழிந்தேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. காவிரிக்கரையில் அப்பா புதிதாகக் கல்யாணமான ஜோடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புளிசாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

என் அறிக்கை வருவதற்கு முன்பே சர்வருக்கு இடம் பார்க்கும் படலம். சூடாகும் பொருள் என்பதால் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று ஜோதிடர் சொல்லிவிட்டார். எங்கள் ஆபீசில் தென்கிழக்கு மூலையில் இருப்பது டீ போடும் அறை. எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் எந்தச் சர்வரும் வைக்க முடியாது என்று ஆணித்தரமாகச் சொன்னேன்.

"அப்ப அடுப்பத் தூக்கு" என்றார் ராஜாமணியம்மா.

அடுப்பு மொட்டைமாடிப் படிக்குக் கீழே போய்விட்டது. ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கும் குப்புராஜ் அண்ணன் அந்த நிமிடத்திலிருந்து சர்வருக்கு எதிரி. எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி, காரணம் டீயாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆகஸ்ட் 12, சனி

அறிக்கை எழுதி முடித்தேன். மூன்று பக்கம். "தற்போதைய நிலையில் மையத்துக்குச் சர்வர் அவசியமில்லை" என்று முடிகிறது. மின்செலவு, பராமரிப்பு, பழக எடுக்கும் காலம் எல்லாம் இருக்கிறது. வரி வரியாகப் படித்தால் ஒவ்வொன்றும் உண்மை. மொத்தமாகப் படித்தால் என்னவோ மாதிரி இருக்கிறது. எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். அப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி ஒன்று. மதியத்துக்குள் அறுபது குடும்பம். பென் டிரைவ் கயிறு அறுந்துவிட்டது. அறிக்கையைத் திங்கட்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்றார் ராஜாமணியம்மா.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். எனக்கு அதில் ஒரு சுகம். இன்று அரச்சலூரில் டீ கையில் இருக்கும்போது ராஜாமணியம்மா போன்: "கண்ணு, திண்டல் கோயிலுக்கு ஓடியா. மானம் போகுது."

நடந்தது இதுதான். நவநீதன் என்று ஒரு மாப்பிள்ளை, நூல் மில்லில் இன்ஜினியர். அவர் அப்பா சித்திரையில் வந்து குப்புராஜ் அண்ணனிடம் பதிந்திருக்கிறார். அப்பா மெத்தனம் என்று அம்மா வைகாசியில் தமயந்தியக்காவிடம் பதிந்திருக்கிறார். இரண்டு பேரையும் நம்பாத தாய்மாமன் ஆனியில் ஜோதிடரிடம் பதிந்திருக்கிறார். ஒருவர் பதிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஒரு கணினியில் இருப்பது இன்னொரு கணினிக்குத் தெரியாது. ஆவணியின் முதல் ஞாயிறு, பத்தரையிலிருந்து பன்னிரண்டு நல்ல நேரம், இடம் திண்டல் முருகன் கோயில் என்று எங்கள் ஆட்கள் மூன்று பேரும் தனித்தனியாக மூன்று பெண் வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் போனபோது கோயில் மண்டபத்தில் மூன்று தாம்பாளத் தட்டு, மூன்று பட்டுப் புடவை, ஒரு மாப்பிள்ளை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. அவரைப் பெற்றவர்கள் பெண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ற கிட்டச் சொல்லாம நீங்க எப்படீங்க போயிப் பதிஞ்சீங்க?" என்று அந்த அம்மா கேட்க, "நீ மட்டும் சொன்னயாக்கும்?" என்று அவர் கேட்க, தாய்மாமன் நடுவில் புகுந்து, தான் கொண்டுவந்த பெண்ணுக்குத்தான் பத்துப் பொருத்தம் என்றார். முதல் பெண்ணின் அப்பா ராஜாமணியம்மாவிடம், "நாங்க என்ன டெண்டருக்குங்களா வந்திருக்கோம்?" என்று கேட்டார். ராஜாமணியம்மா கைகூப்பியபடியே நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

முதல் பெண் அழுதுகொண்டே படி இறங்கிவிட்டாள். பச்சைப் பட்டுக் கட்டிய மூன்றாவது பெண்ணோடு கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அவள் தூண் ஓரமாக உட்கார்ந்து பிரசாதப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"பரவால்லீங்க்கா. இது எனக்கு ஏழாவது தடவை. எப்பவும் நான் ஒருத்திதான் நிப்பேன், எல்லாரும் என்னையவே பாப்பாங்க. இன்னிக்கு மூணு பேரு. கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க கம்ப்யூட்டர்ல இருந்து என்ற சாதகத்த எடுக்கோணும்னா என்ன பண்ணோணுமுங்க?" என்றாள்.

"பதிஞ்சவங்க வந்து கையெழுத்துப் போடோணுமுங்க. அதுதான் விதி."

"பதிஞ்சது எங்கப்பாங்க. அவரு எப்படி வருவாரு?"

 விதி எல்லோருக்கும்தான். என்னுடையதை மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆபீசில் விசாரணை. மூன்று பேரும் தங்கள் கணினியைக் காட்டி, தன்மேல் தப்பில்லை என்று நிரூபித்துவிட்டார்கள். உண்மையிலேயே யார்மேலும் தப்பில்லை, அதுதான் வெட்கக்கேடு. ராஜாமணியம்மா மூன்று வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெயிலில் வந்தார். "அறிக்கை எழுதியாச்சா கண்ணு?" என்றார்.

இன்னும் இல்லை என்றேன். மூன்று பக்கமும் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சர்வர் தேவை. பேங்குக்குப் போடுவது வேண்டாம், சின்னதே போதும். ஒரு ஜாதகம் ஒரே தடவைதான் பதியப்பட வேண்டும், யார் பதிந்தாலும் நான்கு இடத்திலும் தெரிய வேண்டும். வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். எல்லாக் கணினியிலிருந்தும், ஒன்று விடாமல், எல்லாம் ஏற்றப்பட வேண்டும்.

'ஒன்று விடாமல்' என்பதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைத் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்ல முடியாது.

செப்டம்பர் 1, வெள்ளி

சர்வர் வந்தது. சின்ன மேசைக்குக் கீழே அடங்கிவிடும் கறுப்புப் பெட்டி. ராஜாமணியம்மா தொட்டுப் பார்த்தார். ஜோதிடர் குறித்த ஒன்பது பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து உயிர் கொடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தை மட்டும் உள்ளே வைக்க வேண்டாம் என்று டைட்டஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதலில் மற்ற மூன்று கணினிகளும். என்னுடையது திங்கட்கிழமை.

இந்தக் கலவரத்தில் பத்தரை மணி ஆனதை மறந்துவிட்டேன். போனைத் தமயந்தியக்கா எடுத்துவிட்டார். "ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழுங்களா? சார், புதுசா சர்வர் வெச்சிருக்கோமுங்க. திங்கக்கெழமை கூப்புடுங்க, உங்க பொண்ணுக்கு எத்தனை பொருத்தம்னு ஒரு நிமிசத்துல சொல்லிப்போடறோம்" என்று கத்திச் சொன்னார்.

ஒரு பட்டனை அழுத்தினால் 'பழைய பிரிண்டர்' ஃபோல்டர் போய்விடும். அதற்குப் பிறகும் மாதாமாதம் அப்பா கூப்பிடுவார், நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்பேன். அழுத்தவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

அப்பாவையும் பஸ்ஸில் கூட்டிப்போனேன். கடைசி நிறுத்தத்தில் அவருக்கு ஒரு டீ, எனக்கு ஒரு டீ. "நாளைக்குத் தெரிஞ்சிருமாமா கண்ணு. மெஷினே சொல்லிருமாமா" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஜாதகத்தை ஆறு வருடமாக யாருக்கும் காட்டவில்லை. ஒளித்து வைத்தது நான். எனக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, எந்தச் சோகக் கதையும் இல்லை, இப்போது இருக்கிற வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் டீயை வைத்துவிட்டார்.

"ஆறு வருசம். மாசாமாசம் மேடம் மேடம்னு கூப்புட்டனேம்மா."

"நீங்க என்னையக் கேக்கவே இல்லீங்களேப்பா. ஆபீசத்தான கேட்டீங்க."

அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். திரும்பும்போது பஸ்ஸில் நான் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் பின்னால். இறங்கும் வரை திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

என் கணினியை ஏற்றினேன், ஒன்று விடாமல். தமயந்தியக்கா ஆசையாக 1147 என்று தட்டினார், என் பெயர் வந்தது. நாற்பத்து மூன்று பொருத்தங்கள்.

முதலில் கோபப்பட்டவர் ஜோதிடர். "இந்தச் சாதகத்துக்கா ஆறு வருசமா ஒண்ணும் வல்லைன்ன? இது மாதிரிக் கட்டம் கெடைக்கறதுக்கு நான் தவம் கெடக்கறேன்! என்ற கண்ணுல காட்டலையே!"

ராஜாமணியம்மா உள்ளே கூப்பிட்டார். "என்ற கடையிலயே ஒளிச்சு வெச்சிருக்க. வேற ஆளா இருந்தா இந்நேரம் வெளியில நிக்கோணும்." பிறகு, "ஏன் வேண்டாம்? எவனாச்சும் இருக்கறானா?"

"இல்லீங்கம்மா. இப்படி இருக்கறது புடிச்சிருக்குது."

"இது ஒரு காரணமா?" இந்தத் தொழிலில் நாற்பது வருடத்தில் இப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "விதி விதிதான். பதிஞ்சவரு உங்கப்பா. வியாழக்கெழமை வந்து அவரு சொல்லட்டும். ரத்துன்னா ரத்து. இல்லீன்னா நாப்பத்து மூணு ஊட்டுக்கும் உன்ற சாதகம் போகும். அப்பறம் மூச்சு உடக்கூடாது."

மாலை அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். "ம்" என்றார். மூன்று நாளைக்குள் அந்த 'ம்' எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். 

செப்டம்பர் 7, வியாழன்

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்பா வந்தார். டோக்கன் எடுத்துக்கொண்டு, தனக்கு முன்னால் ஒரே ஒருவர் இருந்தும், வரிசை வரும்வரை உட்கார்ந்திருந்தார். தன் எண்ணைக் கூப்பிட்டதும் நேராக என் மேசைக்கு வந்தார்.

"மேடம், பதிவு எண் ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு."

நான் வாயைத் திறப்பதற்குள் குப்புராஜ் அண்ணன் நாற்பத்து மூன்று பேர் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு பக்கம் விடவில்லை. ஒரு இடத்தில் திருப்பிப் போய் மறுபடியும் படித்தார்.  ராஜாமணியம்மா தன் அறைக் கதவருகே வந்து நின்றார்.

"நெறைய நல்ல எடமா இருக்குதுங்க" என்றார் அப்பா. பட்டியலை மடித்து மேசையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து, பந்துமுனைப் பேனாவில் கோடு போட்டு எழுதிய ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். "ரத்து பண்ணோணுமுங்க."

காரணம் என்ற இடத்தில், 'பெண்ணுக்கு விருப்பம் இல்லை' என்று எழுதியிருந்தார்.

புது மென்பொருளில் காரணத்தைத் தட்டச்சு செய்ய முடியாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதில் மூன்றுதான் இருந்தன: திருமணம் முடிந்தது, வேறிடத்தில் அமைந்தது, பெற்றோர் முடிவு. அந்தப் பட்டியலைப் போன வாரம் போட்டது நானேதான். எனக்கே அது தோன்றவில்லை.

"சார், 'பெற்றோர் முடிவு'ன்னு போட்டுக்கலாமுங்களா?"

"அது பொய்யுங்களே மேடம். என்ற முடிவு இல்லீங்க அது. உள்ளத உள்ளபடி போடுங்க."

ராஜாமணியம்மாவைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "போடு, போடு" என்பதுபோல் கையை அசைத்தார். நான்காவதாக, இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்படி 'பெண்ணுக்கு / பையனுக்கு விருப்பம் இல்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். அதையே தேர்ந்தெடுத்தேன். ரத்து ஆனது.

அப்பா ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வர்றேனுங்க மேடம்" என்று போனார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். குப்புராஜ் அண்ணன் படிக்குக் கீழே போய் எனக்கு டீ கொண்டுவந்தார்.

செப்டம்பர் 9, சனி

சர்வரில் ஒன்றைச் சேர்த்தால் நான்கு கணினியிலும் வந்துவிடும், அதுதானே சர்வர். ஆவணியில் பதிவைப் புதுப்பிக்க வருகிறவர்களுக்குக் குப்புராஜ் அண்ணன் அச்செடுத்துக் கொடுக்கும் படிவத்தில், 'ரத்து என்றால் காரணம்' என்ற இடத்திலும் அந்த நான்காவது வரி வந்துவிட்டது. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கவனிக்கவில்லை. இன்று மதியத்துக்குள் அந்த வரியில் பத்துப் பேர் டிக் அடித்துவிட்டார்கள். எட்டுப் பெண், இரண்டு பையன்.

"இந்த வேகத்துல போனா தீபாவளிக்கு நம்ம அஞ்சு பேரும் அந்தப் பொட்டியும்தான் இருப்போம்" என்று ராஜாமணியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.  "இருந்துட்டுப் போகுது. அந்தத் திண்டல் பொழப்புக்கு இது தேவல" என்றார்.

மூன்று மணிக்கு ஒருவர் மகளோடு வந்தார். பவானிப் பக்கம். படிவத்தை உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் நான்காவது வரியில் நின்றார். அதை மறுபடி ஒருமுறை வாய்க்குள் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்து, "ஏஞ்சாமி, இதுல உனக்கு எது?" என்று கேட்டார்.

அந்தப் பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னையப் பாக்காதீங்க. அவரப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.